பிரதமருக்குத் தேத்தண்ணி ஊற்றியவர்

ஸ்கார்பரோவில், டோர்செட் பார்க்கில் நாங்கள் இருந்த ஏழாம் மாடி அப்பார்ட்மெண்டில், கேத்தில் கொதித்தால் குசினி யன்னல் முழுக்க ஆவி படிந்துவிடும். வெளியே பனி, உள்ளே ஏலக்காய் வாசம்... அந்த ஆவியில் விரலால் என் பெயரை எழுதி எழுதி அழித்துக்கொண்டு நிற்பேன். இப்போதும் கனவில் அந்த யன்னல்தான் வருகிறது.

வேறு என்ன செய்வது? இவர் விடிய வேலைக்குப் போனால் பொழுதுபட்டுத்தான் வருவார். கனடா வந்த முதல் வருஷம். இந்த ஊரில் தமிழ்ச் சனத்துக்குக் குறைவில்லை. ஆனால் எனக்கென்று ஒரு சிநேகிதி இல்லை.

அப்போதுதான் ஈ.எஸ்.எல். இங்கிலீஷ் வகுப்பில் சௌலே என் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்தார். கஜகஸ்தான்காரி, ஐம்பத்தைந்து வயதிருக்கும், மகனோடு வந்தவர். தங்கள் மொழியில் மூத்த பெண்களை 'அப்பா' என்று கூப்பிடுவார்களாம். நான் 'அப்பா' என்று கூப்பிடுகிற என் கணவரிடம் இதைச் சொன்னேன்.

"அப்ப என்னை என்னெண்டு கூப்பிடப்போறீர்?"

சௌலே அக்கா என்றே வைத்துக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை வீட்டுக்குக் கூப்பிட்டேன். உழுந்து வடை சுட்டு, பால் தேத்தண்ணி ஊற்றினேன். நம்மவர்களுக்குத் தெரியும்தானே... அரைக் கோப்பை கொடுத்தால் அதைவிட அவமரியாதை வேறில்லை. விளிம்பு தொட நிரப்பிக் கொடுத்தேன்.

அக்கா கோப்பையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சுடச்சுட மளமளவென்று குடித்துவிட்டு எழுந்து கோட்டைப் போட்டார்.

"நன்றி. நான் போறன்."

"என்னக்கா, இன்னும் ஒண்டும் சாப்பிடேல்லையே" என்று பின்னால் போனேன். எலிவேட்டர் கதவு மூடிவிட்டது.

"வடைக்கு உறைப்புக் கூடிப்போச்சோ?" என்று இவர் கேட்டார்.

"அவ வடையைத் தொடவே இல்லையப்பா."

அன்றைக்கு நான் அழுதேன். கிடைத்த ஒரே ஒரு சிநேகிதியையும் என்ன செய்து தொலைத்தேன் என்றே தெரியவில்லை. அடுத்த வகுப்பில் அவர் தள்ளிப்போய் வேறு கதிரையில் இருந்தார். தலையை ஆட்டினார், அவ்வளவுதான்.

இரண்டு கிழமை அப்படியே போனது. பிறகு வகுப்பில், உங்கள் நாட்டில் நீங்கள் அறிந்த ஒருவரைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசுங்கள் என்றார் டீச்சர். அக்கா எழுந்தார்.

"எங்கட பிரைம் மினிஸ்டர். அவருக்கு நான்தான் தேத்தண்ணி ஊத்தினனான்."

பகிடி என்று நினைத்து எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. தனக்குத் தெரிந்த கொஞ்ச இங்கிலீஷில் மெல்ல மெல்லச் சொன்னார்...

செம்பு உருக்கும் ஆலை ஒன்றின் கன்ரீனில் அக்காவுக்கு வேலை. அங்கே இளம் எஞ்சினியராக இருந்தவர், கரி படிந்த முகத்தோடு வந்து ஓரம் உடைந்த கிண்ணத்தில் குடிப்பாராம். பிறகு ஆலைக்கே தலைவரானார். அமைச்சராகித் தலைநகருக்குப் போனபோது, உன் கைத் தேத்தண்ணி வேறு ஒருவருக்கும் வராது என்று அக்காவையும் கூட்டிக்கொண்டு போனார். கடைசியில் பிரதமர். பெரிய அறை, கம்பளம், தங்க விளிம்பு வைத்த கிண்ணம். ஆனாலும் அக்கா ஊற்றியது எப்போதும் அரைக் கிண்ணம்தான்.

"எங்கட ஊரில அரைவாசிதான் மரியாதை. குடிச்சுக் குடிச்சு நீட்ட வேணும், நாங்கள் ஊத்திக்கொண்டே இருக்க வேணும். நீ இன்னும் இரு எண்டு அர்த்தம். நிரப்பிக் குடுத்தால், குடிச்சிட்டு எழும்பு எண்டு அர்த்தம்."

எனக்குக் காது சுட்டது.

ஒருநாள் பிரதமர் ஜனாதிபதியைப் பார்க்கப் போய், போன வேகத்தில் திரும்பி வந்தாராம். கோட்டைக்கூடக் கழற்றாமல் இருந்தார். "சௌலே, இண்டைக்கு எனக்கு நிரப்பி ஊத்து" என்றார். அவரைப் பதவியிலிருந்து எடுத்துவிட்டதாகப் பின்னேரம் டிவியில் சொன்னார்கள்.

"நான் அரைவாசி ஊத்தினன். குடிச்சிட்டு நீட்டினார். திரும்பவும் அரைவாசி. ஒன்பது தரம். அவரும் எழும்பேல்லை, நானும் நிரப்பேல்லை."

புதிய பிரதமர் தன் ஆட்களோடு வந்தார். அக்காவின் வேலையும் போனது.

வகுப்பு கை தட்டியது. இடைவேளை விட்டதும் நான் படிக்கட்டுக்கு ஓடினேன்.

"அக்கா, எங்கட ஊரில நிரப்பித்தான் குடுக்கிறது. அரைவாசி குடுத்தால்தான் போ எண்டு அர்த்தம்."

அக்கா சிரிப்புத் தாங்காமல் படியிலேயே இருந்துவிட்டார்.

"ரெண்டு கிழமையா நான் அழுதனான்."

"நானும்தான் அக்கா."

அதற்குப் பிறகு மூன்று பனிக்காலம்... சனிக்கிழமை சனிக்கிழமையாக அரைக் கோப்பை, அரைக் கோப்பையாய்க் கழிந்தது. பிரதமர் சீனிக்கட்டியைப் பொக்கற்றில் ஒளித்து வைப்பாராம், டொக்டருக்குப் பயந்து. அக்கா சொல்லச் சொல்ல யன்னலில் ஆவி ஏறும், வெளியே ஸ்கார்பரோ மறைந்துபோகும். நாங்கள் இரண்டு பேரும் எந்த ஊரில் இருக்கிறோம் என்பதே மறந்துவிடும்.

பிறகு மகனுக்குக் கல்கரியில் வேலை கிடைத்தது. கடைசிச் சனிக்கிழமை, கீழே மகன் காரோடு நிற்கிறான். நான் அரைவாசி ஊற்றினேன். குடித்தார். திரும்பவும் அரைவாசி. மகனின் போன் வந்தது. நான் மறுபடியும் அரைவாசிதான் ஊற்றினேன்.

அக்கா என் கையிலிருந்து கேத்திலை வாங்கினார். தன் கோப்பையில் தானே, அடியிலிருந்த பீரிஸ் தட்டில் வழியும் வரைக்கும் ஊற்றினார்.

"நீ ஊத்தமாட்டாய். எனக்குத் தெரியும்."

நின்றபடியே முழுவதும் குடித்தார்.

இப்போது ரூஜில் சொந்த வீடு. குசினி பெரிது. அடுப்புக்கு மேல் ஃபேன் போட்டால் ஆவி முழுக்க இழுத்துவிடும், யன்னலில் ஒன்றும் படியாது. வருகிறவர்கள் மூடி போட்ட பேப்பர் கப்போடு வருகிறார்கள், அதோடேயே போகிறார்கள். உள்ளே அரைவாசியா முழுவதுமா என்று யாருக்குத் தெரியும்?

எப்போதாவது யாரும் ஆறுதலாக இருந்து தேத்தண்ணி கேட்டால் என் கை பாதியில் நின்றுவிடும். "குறை நினைக்காதேங்கோ, இவவின்ர பழக்கம் அப்பிடி" என்று இவர் சமாளிப்பார். குறை நினைத்தால் நினைக்கட்டும்.

யாருக்கும் நிரப்பி ஊற்ற எனக்கு இன்னும் மனம் வருவதில்லை.