சின்னம்மா வீட்டு வாசற்படியில் உட்கார்ந்த மேடம்

அம்மா இறந்த வருஷம். நைனா லாரியோடு போனால் வாரக்கணக்கில் திரும்ப மாட்டார். திருத்தணி மலையடிவாரத்தில் எங்களுக்கு ஒற்றை அறை வீடு. நானும் தம்பியும் கிடைத்ததைத் தின்றுவிட்டு, நைனா சமைத்து வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார் என்று கேட்டவர்களிடமெல்லாம் பொய் சொல்லிக்கொண்டிருந்தோம். யாரோ குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் செய்துவிட்டார்கள்.

மறுநாள் காலையில் குடையோடு ஒரு மேடம் வந்தார். குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து வருவதாகச் சொன்னார். எங்களை விடுதியில் சேர்த்துவிடுவார்கள், அதுவும் ஆண்பிள்ளைக்கு ஒன்று, பெண்பிள்ளைக்கு ஒன்று என்று பக்கத்து வீட்டு மாமா சொன்னதும் நான் தம்பியின் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மேடம் என் கையை விலக்கவில்லை. எதிரே தரையில் உட்கார்ந்து, "அம்மா கூடப் பொறந்தவங்க யாருனா கீறாங்களாம்மா?" என்று கேட்டார்.

"ஆங். பள்ளிப்பட்டுல சின்னம்மா. அந்தப் பேச்சே எடுக்கக்கூடாதுன்னு நைனா சொல்லிக்கீறாரு."

நைனாவிடமும் தன் மேலதிகாரிகளிடமும் மேடம் வெகுநேரம் போனில் பேசினார். நைனா கத்தியது எங்களுக்கே கேட்டது. இவர் குரலை உயர்த்தவே இல்லை. சாயங்காலம் எங்களோடு பள்ளிப்பட்டு பஸ் ஏறினார்.

தறியை விட்டு எழுந்துவந்த சின்னம்மா நிலைப்படியிலேயே நின்றுவிட்டார். கூடப்பிறந்த அக்கா செத்ததற்குக்கூடச் சொல்லியனுப்பாத வீட்டுப் பிள்ளைகள் என்றார். மேடம் புத்தி எதுவும் சொல்லவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டு வாங்கிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தார். சின்னம்மா நைனாவைத் திட்டியதையும் பிறகு அழுததையும் முழுக்கக் கேட்டார். அதற்குள் தம்பி அவர் மடியில் தூங்கிப்போனான்.

"நான் ஒண்டிக்காரி. ரெண்டு பேரை எப்பிடிங்க பார்த்துக்குவேன்?" என்றார் சின்னம்மா கடைசியில்.

"ஒண்டியா பார்க்க வேணாங்க. நான் வந்துகினே இருப்பேன்."

சின்னம்மா குனிந்து தம்பியைத் தூக்கிக்கொண்டார்.

மேடம் சொன்னபடியே வந்தார். எங்களைப் பள்ளியில் சேர்த்தார். தூக்கத்தில் அலறும் தம்பியோடு உட்கார்ந்து, அவன் வாய் திறக்கும்வரை மாடும் லாரியும் வரைந்தார். பிடிவாதமாக இருந்த நைனாவை எப்படியோ பேசி அழைத்துவந்து சின்னம்மா கையால் சாப்பிட வைத்தார். அன்று நைனா தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. ஆனால் நைனா இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கினார்.

எனக்கு அவர்மேல் ஒரே ஒரு குறை. சாப்பிட்ட கை காய்வதற்குள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிடுவார். இன்னும் கொஞ்ச நேரம் இருந்தால்தான் என்ன என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வேன். அந்த பஸ் நிற்கும் ஊர்களிலெல்லாம் என்னைப்போல ஒரு பிள்ளை வாசலில் நின்று அவரை எதிர்பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு அப்போது தெரியாது. அத்தனை ஊர்களுக்கும் அவர் ஒருவர்தான் என்பதும்.