பதினான்காம் இடம், ஆறு மணி வரை

கூடாரம் போட்டுத் தங்கும் பூங்காவின் முன்வாசலில், முன்பதிவு அலுவலக ஜன்னலுக்குப் பின்னால் இருபத்தாறு வருடமாக உட்கார்ந்திருப்பவளுக்கு ஊழியர்கள் வைத்த பெயர் சட்டாம்பிள்ளை. முகத்துக்கு நேரே சொல்லும் தைரியம் யாருக்கும் இல்லை. ஆனால் அவளுக்குத் தெரியும். தெரிந்ததில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

பெருமைப்படாமல் என்ன செய்வாள்? அந்த ஜன்னலுக்கு வருகிறவர்கள் லேசுப்பட்டவர்களா? ஆறு பேருக்கான இடத்துக்குப் பதினோரு பேர் வந்து இறங்கி, "சின்னப் பசங்க கணக்குல வராதுன்னு நினைச்சோம் மேடம்" என்பார்கள். அந்தச் சின்னப் பசங்களில் இரண்டு பேருக்கு மீசை இருக்கும். நாயைச் சங்கிலி இல்லாமல் கூட்டி வந்து, "இது கடிக்கவே கடிக்காதுங்க" என்று சத்தியம் செய்வார்கள். அதற்குள் நாய் காவலாளியின் கால்சட்டையைக் கவ்வியிருக்கும். எல்லோருக்கும் அவளிடம் ஒரே பதில்தான். சுவரில் இருக்கும் விதிப்பலகையை விரலால் காட்டுவாள். யாருக்கு யாரைத் தெரிந்திருந்தாலும் அவளிடம் பாச்சா பலிக்காது.

கூடாரம் போட இடம் பதிவு செய்தவர் மாலை ஆறு மணிக்குள் வந்து கையெழுத்துப் போட வேண்டும், வராவிட்டால் அந்த இடம் காத்திருப்பவர்களுக்குப் போய்விடும் என்பது பலகையில் எட்டாவது விதி. பலகையில் இல்லாத வழக்கம் ஒன்றை அவளே வைத்திருந்தாள். ஐந்தரைக்கும் வராதவர்களுக்கு ஒரு போன் போடுவாள். "எங்க இருக்கீங்க? வர்றீங்கன்னா அரை மணி பிடிச்சு வைக்கிறேன்" என்பாள். முன்பின் தெரியாத எத்தனையோ பேர் அந்தப் போனால் இடம் இழக்காமல் தப்பித்திருக்கிறார்கள்.

அக்கா விஷயத்தில்தான் அவளுக்குப் புத்தி கோணலாகிப் போனது.

பத்து வருடத்துக்கு முன்பு அக்காவும் அத்தானும், அத்தானின் அலுவலக நண்பர்களோடு இங்கே தங்க வந்தார்கள். சாப்பிட்ட பாத்திரங்களை அத்தான் பூங்கா ஏரியில் சோப்புப் போட்டுக் கழுவினார். ஏரியில் சோப்பு கரைத்தவர் இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்பதும் பலகையில் உண்டு. வேறு ஊழியரை அனுப்பியிருக்கலாம். அத்தானைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். இவளோ தானே நடந்து போய், நண்பர்கள் அத்தனை பேர் முன்னாலும், "சார், ஒரு மணி நேரத்துல காலி பண்ணிடுங்க" என்றாள். சாராம்! அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. அக்கா ஒரு வார்த்தை பேசாமல் கூடாரத்தை மடித்தாள். அதற்குப் பிறகும் பேசவில்லை. அத்தான் இறந்தபோது இவள் போய்க் கூட்டத்தில் ஓரமாக நின்றுவிட்டுத் திரும்பினாள்.

போன வருடம் ஒரு திங்கட்கிழமை காலை, அந்த வாரப் பட்டியலில் பதினான்காம் இடத்துக்கு நேரே அக்காவின் பெயர் இருந்தது. சனிக்கிழமை, ஒரு நாள் தங்கல். பட்டியலில் பதிவு செய்தவர் பெயரும் போன் நம்பரும் மட்டும்தான் வரும். மற்ற விவரங்கள் விண்ணப்பத்தில் இருக்கும். ஆள் வந்த பிறகுதான் அதை எடுத்துச் சரிபார்ப்பார்கள். எடுத்துப் பார்க்க இவளுக்குக் கை பரபரத்தது. யாருடையதையும் முன்கூட்டிப் பார்க்காதவள் அக்காவுடையதை மட்டும் பார்ப்பதா என்று அடக்கிக்கொண்டாள்.

அந்த வாரம் முழுக்க அவள் அவளாக இல்லை. அக்கா வந்ததும் என்ன பேசுவது என்று பல் துலக்கும்போதெல்லாம் ஒத்திகை பார்த்தாள். சாப்பாட்டு நேரத்தில் இரண்டு தடவை பதினான்காம் இடத்துக்கு நடந்து போனாள். அங்கிருந்த மேசையில் பறவை எச்சம் காய்ந்து கிடந்தது. துடைக்கப் போனவள், மற்ற மேசைகளைத் துடைப்பதில்லையே என்று திரும்பி வந்தாள்.

சனிக்கிழமை ஐந்தரை மணிக்கு வர வேண்டியவர்கள் மூன்று பேர் பாக்கி. இரண்டு பேருக்குப் போன் போட்டாள். மூன்றாவது அக்கா. எதிர் பெஞ்சில் ஒரு இளம் தம்பதி, கைக்குழந்தையோடு மத்தியானத்திலிருந்து இடத்துக்காகக் காத்திருந்தார்கள்.

பழைய சங்கதி தெரிந்த வாசல் காவலாளி மெல்லச் சொன்னார். "உங்க அக்காதானே மேடம்? ஒரு போன் போட்டுக் கேளுங்களேன்."

"சொந்தக்காரங்களுக்குச் சலுகை காட்டுறான்னு பேர் வரும்."

"எல்லாருக்கும் போடுறதுதானே மேடம்?"

"நீங்க கேட்டைப் பாருங்க."

ஆறு அடித்ததும் பதினான்காம் இடத்தைத் தம்பதிக்கு எழுதிக் கொடுத்தாள். அவர்கள் நன்றி சொன்னது அவள் காதில் ஏறவில்லை.

ஆறு இருபதுக்கு அக்கா வந்தாள். முதுகில் கூடாரப் பை, கையில் ஒரு கூடை, முகமெல்லாம் வியர்வை. "பஸ் நடுவழியில நின்னுடுச்சு" என்றாள். ஒன்பது வருடம் கழித்துப் பேசிய முதல் பேச்சு.

"ஆறு மணிக்கு மேல இடம் வைக்கிறதில்லைங்க. வேற ஆளுக்குப் போயிடுச்சு."

கூடப் பிறந்தவளிடம் அந்த 'ங்க' எங்கிருந்து வந்தது என்று இவளுக்கே தெரியவில்லை. அக்கா கூடையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு, "அடுத்த பஸ் எப்போ?" என்று கேட்டாள்.

"ஆறே முக்கால்."

அக்கா போய் எதிரே நிறுத்தத்தில் உட்கார்ந்தாள். "ஜன்னலை நான் பாத்துக்கறேன், போய்ட்டு வாங்க மேடம்" என்றார் காவலாளி. ஏழு மணி வரை தன் வேலை என்று இவள் நாற்காலியை விட்டு எழவில்லை.

வராதவர்களின் விண்ணப்பத்தில் முத்திரை குத்த வேண்டும். அக்காவுடையதை எடுத்தாள். தங்குபவர்கள் இரண்டு பேர். முதல் வரியில் அக்காவின் பெயர். இரண்டாவது வரியில் இவள் பெயர். உறவு என்ற கட்டத்தில் 'தங்கை' என்று எழுதியிருந்தது. அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்ற இடத்திலும் இவள்தான்.

முத்திரைக் கட்டையைப் போட்டது போட்டபடி ஓடினாள். நிறுத்தத்தில் ஒருவரும் இல்லை.

மறுநாள் காலை, பல தடவை கையில் எடுத்து எடுத்து வைத்த பிறகு, போன் போட்டாள்.

"நானே பதிவு பண்றேன்க்கா. ரெண்டு பேருக்கும். நாள் மட்டும் சொல்லு."

"வேணாம்டி."

"கோவமா?"

"கோவமெல்லாம் அத்தான் போனதோட போயிடுச்சு. உக்காந்து பேசலாம்னுதான் வந்தேன்."

"லேட் ஆகும்னு நீயாவது ஒரு போன் பண்ணியிருக்கலாமேக்கா!"

"பண்ணி? எனக்கு மட்டும் இடம் பிடிச்சு வைன்னு கேக்கவா? உன்கிட்டயா?" அக்கா லேசாகச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "போன தடவை பக்கத்து வீட்டுக்காரங்க அங்க வந்தப்போ அவங்களுக்கு வழியில லேட்டாயிடுச்சாம். நீயே கூப்பிட்டு, பதறாம வாங்கன்னு சொன்னியாம். அவ்வளவு நல்லா பேசினாங்கன்னு இப்பவும் சொல்றாங்க. அதான், பஸ் நின்னதிலேர்ந்து போனைக் கையிலயே வச்சிருந்தேன்."