சோதனைச்சாவடியில் காலைவாரிய மலிவு பில்டர்

உதிரிப்பாகத் தட்டுப்பாட்டில் என் டீசல் வானுக்கு எரிபொருளை வடிகட்டும் அசல் பில்டர் கிடைக்கவில்லை. கொழும்பு புறக்கோட்டைக் கடைக்காரர் மலிவான ஒன்றை நீட்டினார்.

"நல்லதோ?"

"விருப்பமெண்டா எடுங்க, இல்லாட்டி நடந்து போங்க!"

வாங்கிப் பூட்டினேன்.

மறுநாள் மனைவியோடு போகையில் கிருலப்பனைச் சோதனைச்சாவடிக்கு நேர்முன்னே வான் இழுத்து இழுத்து நின்றது. சிப்பாய் துப்பாக்கியை நீட்டி, "பஹினவா!" என்று சிங்களத்தில் இறங்கச் சொல்லிக் கத்தினான். இரு கைகளையும் தூக்கியபடி இறங்கினேன். அடையாள அட்டை கேட்டான். அது சட்டைப்பையில்தான் இருந்தது. கைகள்தான் கீழே வர மறுத்தன.

"கையை இறக்குங்கோ! பிடிச்சுக்கொண்டு போகப்போறாங்கள்!" மனைவி பல்லைக் கடித்தபடி அட்டையை உருவிக் கொடுத்தாள்.

சிப்பாய்கள் அரைமணிநேரம் ஏசிவிட்டுப் போகவிட்டார்கள். பில்டரின் கடதாசி கரைந்து டீசலை மறித்திருந்தது. வானை நானே தள்ளினேன்.

இப்போது அசல் பில்டர் வரும்வரை பஸ்தான். பஸ் நின்றால் கைதூக்குவது டிரைவர் பாடு.