தங்கையின் அடக்க ஆராதனையும் தவறிய தேதியும்

இன்று வியாழக்கிழமை. காலை பத்து மணிக்கு மும்பையில் என் தங்கையின் அடக்க ஆராதனை. மூட்டுவலியால் பயணம் இயலாத நான், அருப்புக்கோட்டையிலிருந்து அவள் முகத்தைக் கணினியில் நேரலையாகக் கடைசி முறை காணக் காத்திருந்தேன்.

நேற்று மாலைதான் இயங்குதளத்தைப் புதுப்பித்திருந்தேன். இன்று எந்த இணையப் பக்கமும் திறக்கவில்லை. மோடத்தை நான்கு முறை அணைத்துப் போட்டேன். வயர்களைப் பிடுங்கிச் செருகினேன்.

பத்து இருபதுக்கு, பின்னால் நின்ற மனைவி சொன்னாள்: "ஏங்க, அந்த மூலையில பாருங்க. போன வருசத் தேதியில்ல காட்டுது!"

தேதி தவறினால் கணினி எந்த இணையப் பக்கத்தையும் நம்பாதாம். திருத்தியதும் திரை திறந்தது. அங்கே பெட்டியை மூடிக்கொண்டிருந்தார்கள். நெற்றி மட்டும் தெரிந்தது.

"அச்சாபீசுல ஊரார் கல்யாணப் பத்திரிகையில தேதியெல்லாம் திருத்துவீக..." என்றாள்.

காலண்டர் தாளைக் கிழிக்காமல் காபி குடிக்காதவன் நான்.

நண்பர்களே, உங்கள் கணினியில் இன்று என்ன தேதி? பார்த்துவிட்டு எழுதுங்கள்.