சுவரில் இருந்த கரி

ராகலைக்கு மேலே தேயிலைத் தோட்டத்துப் பழைய வீடு ஒன்றை அளக்கப் போனபோது, அங்கே குடியிருந்த அந்த அம்மாவைப் பார்த்தேன். ஒல்லி உடம்பு, தலையில் கம்பளித் தொப்பி. பேசும்போதெல்லாம் கட்டைவிரல் நகத்தால் சுவரைச் சுரண்டிக்கொண்டே இருந்தார்.

"வரைபடத்துல இது குதிரைக் கொட்டகைம்மா. நீங்க பிறகு வந்தவங்கன்னுதான் எழுதணும். வீட்டுக்கு உறுதிப் பத்திரம் கிடைக்காது," என்றேன்.

அவர் பதறவில்லை. சமையலறைச் சுவரில் ஒரு சில்லைக் கல்வரைக்கும் பெயர்த்து என் உள்ளங்கையில் வைத்தார். வெள்ளையும் கறுப்பும் மாறி மாறி ஏடு ஏடாக இருந்தன.

"வெள்ளை, வருசாவருசம் தீவாளிக்கு அடிச்ச சுண்ணாம்புங்க. கறுப்பு, அடுப்புப் பொகை. இந்த ரோஸ் எங்கம்மா கல்யாணத்துக்கு அடிச்சது. எல்லாத்துக்கும் அடியில என்ன இருக்கு, பாருங்க."

கரி இருந்தது.

"குதிரையாங்கய்யா சோறாக்குச்சு?"

கொட்டகை என்பதை வெட்டி வீடு என்று எழுதினேன். அவர் நகத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டார்.

இப்போதெல்லாம் வரைபடத்தை விரிக்குமுன் என் நகம் சுவரைத்தான் தேடுகிறது.