கடைசியில் வைத்த இடம்

முதலில் ஒரு மன்னிப்பு. படிவம் மூன்றோடு படிப்பை நிறுத்திவிட்டுப் பள்ளி வேன் ஓட்டுகிறவன் நான். சுற்றுலாவைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி? நாலு பேர் கூடிய இடத்தில் பேசச் சொன்னாலே பின்வரிசைக்குப் போய்விடுவேன். எழுத்தில்தான் ஏதோ வாரம் ஒருமுறை இந்தப் பத்தியில் ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் போன வாரம் ஒரு வாசகி கேட்டிருந்தார். குடும்பத்தோடு ஒரு நாள் கோலசிலாங்கூர் பக்கம் வருகிறார்களாம். என்ன பார்க்கலாம், எங்கே சாப்பிடலாம், ஒரு பிளான் போட்டுத் தர முடியுமா என்று.

என்னிடம் ஒரு பிளான் இருக்கிறது. போன மாதம் போட்டது. நல்ல பிளான்தான்...

என் தங்கை சாந்தி ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் மகளோடு இருக்கிறாள். பல வருடம் கழித்து வந்திருந்தாள் — ரவாங்கில் அவள் கணவர் வீட்டுக் கல்யாணத்துக்கு. மொத்தமே ஐந்து நாள். நான்கு நாளைக் கல்யாணம் எடுத்துக்கொண்டது. மிச்சம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று இரவே விமானம்.

போனில் சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை முழுக்க உன்கூடத்தாண்ணே. ஊரைச் சுத்திக் காட்டு, நல்ல சாப்பாடா வாங்கிக் குடு. அப்பாகிட்ட போகணும்."

அப்பா எங்கள் பழைய செம்பனைத் தோட்டத்து இடுகாட்டில் இருக்கிறார். கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் இறந்தவர். சாந்தியால் வர முடியவில்லை. இறுதி ஊர்வலத்தைப் போனில் காட்டிக்கொண்டே போனேன். செம்பனை மரங்களுக்குள் நுழைந்ததும் லைன் போய்விட்டது. மண் போடும் நேரத்தில் படம் அப்படியே நின்றுவிட்டதாம் — என் தோளும் கொஞ்சம் வானமும். அதற்கு மேல் அவள் எதையும் பார்க்கவில்லை.

வேன்காரனுக்கு வரிசைதான் தொழில். யாரை முதலில் ஏற்றுவது, யாரைக் கடைசியில் இறக்குவது... இருபது வருடமாக இதுதான் வேலை. அந்த ஞாயிற்றுக்கிழமையையும் அப்படித்தான் தாளில் எழுதினேன். கோயில் நடை சாத்தும் நேரத்தைக் கேட்டு வைத்தேன். செக்கிஞ்சான் மீன் சாப்பாட்டுக் கடைக்கு இரண்டு தடவை போன் செய்து மேசை சொல்லி வைத்தேன். நெல் ஆலையில் கடைசியாக எத்தனை மணிக்கு உள்ளே விடுவார்கள் என்பதுவரை விசாரித்தேன்.

காலையில் ரவாங்கிலிருந்து வந்து இறங்கியதும் சாந்தி கேட்டாள். "முதல்ல அப்பாகிட்ட போயிட்டு வந்துடலாமாண்ணே?"

"சுடுகாட்டுக்குப் போயிட்டு கோயிலுக்கா? கடைசியில போவோம். அப்படியே வீட்டுக்கு வந்து தலைக்கு ஊத்திட்டு ஏர்போர்ட் கிளம்பலாம்."

"அதுதான் சரி. இல்லாட்டி ரெண்டு தடவை குளிக்கணும்" என்றாள் என் மனைவி கமலா.

சாந்தி தலையாட்டினாள். எங்கள் வீடுகளில் இது யாரும் சொல்லித்தர வேண்டாத விஷயம். இடுகாட்டுக்குப் போனால் அடுத்தது குளியல். வேறு எங்கும் நுழையக் கூடாது. ஆகவே இடுகாடு எப்போதும் கடைசி.

கோயில் முடித்து, மலாவத்தி குன்றுக்குப் போனோம். பீரங்கி, கலங்கரை விளக்கம், கீழே சதுப்புக் காடு, அதற்கு அப்பால் கடல். சாம்பல் நிறக் குரங்குகள் கையைப் பிடித்துக் கடலையை வாங்கிக்கொண்டன. குட்டிகள் மட்டும் பொன் நிறம்.

"பாவம்ணே, பொறந்த கொஞ்ச நாள்லயே நரைச்சிடுது. நம்மளாவது நாப்பது வருஷம் தாங்குனோம்."

"உங்க அண்ணனுக்கு நரைக்கிறதுக்குத் தலையில என்ன இருக்கு?" என்றாள் கமலா. சாந்தி சிரித்த சிரிப்பில் ஒரு குரங்கு அவள் மடியிலிருந்து இறங்கி ஓடிவிட்டது.

பிறகு செக்கிஞ்சான். வயல் பச்சையாக இருந்தது. மீன் கடையில் இஞ்சி போட்டு அவித்த மீன். சாந்தி இரண்டு முறை சோறு வாங்கினாள். நெல் ஆலையில் அரிசி வாங்கினாள் — பெர்த்துக்குக் கொண்டுபோக விடமாட்டார்கள் என்று தெரிந்தே வாங்கி, கமலாவிடம் கொடுத்தாள்.

திரும்பும் வழியில் தஞ்சோங் காராங்கில் ஒரு கடையில் நிறுத்தச் சொன்னாள். மூன்று டீ குடித்தோம். நான்காவதாக ஒன்றைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றிக் கயிறு கட்டித் தரச் சொன்னாள். சீனி குறைவாக.

"யாருக்கு?" என்றேன்.

"அப்பாவுக்குண்ணே. சீனி கூடுனா அம்மாகிட்ட கத்துவாரு, மறந்துட்டியா?"

அந்த டீப் பையைக் கடைசிவரை விரலில் மாட்டிக்கொண்டே வந்தாள். நாலரைக்குத் தோட்டத்து கேட் முன்னால் வேனை நிறுத்தினேன். தாளில் எழுதியபடி... ஒரு நிமிடம் பிசகவில்லை.

கேட் பூட்டியிருந்தது.

நேப்பாளக் காவலாளி வந்து மலாயில் சொன்னார். "இன்றைக்கு ஞாயிறு, அண்ணே. பன்னிரண்டோடு பூட்டிவிடுவோம். சாவி ஆபீஸ்காரர் கொண்டுபோய்விடுவார்."

நான் இங்கே வருவதெல்லாம் வார நாட்களில். பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, காலை எட்டு மணி வாக்கில். அப்போது கேட் திறந்தே கிடக்கும். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன்... ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்கு லீவு என்பது எனக்குத் தெரியாதா? மீன் கடைக்கு இரண்டு தடவை போன் செய்தவன், இங்கே ஒரு தடவை கேட்டிருக்கக் கூடாதா?

காவலாளி ஆபீஸ்காரருக்கு மூன்று முறை அழைத்துப் பார்த்தார். எடுக்கவில்லை. வேலியோரம் நடந்து பார்த்தேன். செம்பனைக் குலைத் திருட்டைத் தடுக்க வெட்டிய பள்ளம், அதில் இடுப்பளவு தண்ணீர். சாந்தி முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்டவள்.

"எந்தப் பக்கம்ணே?" என்றாள்.

"அந்தத் தண்ணி டாங்கி தெரியுதுல்ல, அதுக்குப் பின்னால. இங்கேருந்து தெரியாது."

அந்தத் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். காவலாளி தொப்பியைக் கழற்றிக்கொண்டார். அப்புறம் சாந்தி டீப் பையின் கயிற்றைக் கேட் கம்பியில் மாட்டிவிட்டு, வேனில் ஏறி உட்கார்ந்தாள். ஒரு வார்த்தை என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

வீட்டில் கமலா துண்டை எடுத்து நீட்டினாள். சாந்தி அதை வாங்கவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"வெளியதானேண்ணே நின்னோம். குளிக்கணுமா?"

நான் அவள் பெட்டியைத் தூக்கி வேனில் வைத்தேன். அவள் கால் மட்டும் கழுவிக்கொண்டு புறப்பட்டாள்.

வாசகி அவர்களே, குன்று, வயல், மீன், டீ — எல்லாம் மேலே இருக்கிறது. தாராளமாக வாருங்கள். ஆனால் எதற்காக வருகிறீர்களோ அந்த இடத்துக்கு முதலில் போய்விடுங்கள். இரண்டு தடவை குளித்தால் ஒன்றும் ஆகிவிடாது.

மறுநாள் திங்கட்கிழமை. பிள்ளைகளை இறக்கிவிட்டு அந்த வழியாக வந்தேன். கேட் திறந்திருந்தது. டீப் பை அங்கேயே தொங்கியது, கயிற்றில் எறும்பு. அதை எடுத்துக்கொண்டு உள்ளே போய் அப்பாவிடம் வைத்தேன். பிறகு வீட்டுக்கு வந்து குளித்தேன்.