பொதுச்சுவரை ஒட்டி ஒரு டிரையர்

வாஷிங் மெஷின் ரிப்பேர்காரனுக்கு ஒரு தலைவிதி உண்டு: அவன் போய் நின்றதும் மெஷின் நல்ல பிள்ளையாக ஓடும். ஒரு வாரமாக வீட்டை அதிர வைத்த, துணி பிழியும் டிரையர் என் பையைக் கண்டதும் வாயே திறக்காது. “இப்ப வரைக்கும் கத்துச்சுங்க” என்று வீட்டுக்காரர்கள் சத்தியம் செய்வார்கள். இதே பிழைப்பில் இருப்பவர்கள் இதைப் படித்தால் தலையாட்டுவார்கள். போடியில் கடை போட்டு இந்தச் சத்தங்களோடுதான் காலம் தள்ளுகிறேன். ஆனால் பக்கத்து ஊர் சிலமலையில் ஒரே ஒரு வீட்டுச் சத்தத்தை மட்டும் நிறுத்தாமல் விட்டிருக்கலாமே என்று இன்றும் மனசு அடித்துக்கொள்கிறது.

தரை வாட்டம்

அது அண்ணன் தம்பி பாகம் பிரித்த வீடு. நடுவில் புதுசாக, ஒற்றைச் செங்கல் கனத்தில் ஒரு மெல்லிய சுவர். இந்தப் பக்கம் மூத்தவர் மனைவி ஜெயந்தி அக்கா. அந்தப் பக்கம் இளையவர் மனைவி மகேஸ்வரி, கைக்குழந்தைக்காரி. மூத்தவர் பங்குக்கு மலையில் கொஞ்சம் ஏலக்காய்த் தோட்டம். புருஷனும் பொண்டாட்டியும் காலையில் ஜீப் ஏறினால் பொழுது சாயத்தான் இறங்குவார்கள். மழையிலும் மஞ்சிலும் ஊறிய துணியை அன்றன்றே டிரையரில் சுற்றவிட்டால்தான் மறுநாள் போட முடியும். சரியாக அந்த நேரத்தில்தான் அந்தப் பக்கத்துக் குழந்தை கண்ணயரும்.

மெஷினைச் சுவரோடு சுவராக ஒட்டி வைத்திருந்தார்கள். தண்ணீர் சாக்கடைக்கு ஓடுவதற்காகத் தரையும் ஒரு பக்கம் சரிந்து வாட்டம். நான் அதை ஒரு சாண் இழுத்து வைத்து, தாழ்ந்த காலுக்கடியில் டயர் ரப்பர் வெட்டிக் கொடுத்தேன். சத்தம் பாதியாகக் குறைந்தது. அக்காவுக்கு அது போதவில்லை.

“தம்பி, இந்தச் சத்தத்தாலதான் கொழுந்தன் வீட்டோட பேச்சே அத்துப் போச்சு. மெஷினு போனாலும் போகட்டும், மகேஸ்வரி எங்கூட நல்லபடியா பேசணும்.”

தலையணை உறைக்குள்

பத்து நாளில் மறுபடி போன். இந்தத் தடவை சத்தம் வேறு மாதிரி, கலகலவென்று. பின் மூடியைக் கழற்றினால் பிரேக்குக்கும் தொட்டிக்கும் நடுவில் பச்சை ஏலக்காய்! நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா கூரையைப் பார்த்தார்.

விஷயம் இதுதான். ஏலக்காய் காய வைக்கும் ஸ்டோரில் பச்சைக் காயை எடை போட்டுத்தான் உலர்த்துகிற கூலியை வாங்குவார்கள். கழுவிய காயில் நிற்கும் தண்ணீருக்கும் சேர்த்து எதற்குக் கூலி என்று, காயைத் தலையணை உறையில் கட்டி டிரையரில் ஒரு சுற்று விட்டிருக்கிறார். உறை தையல் விட்டுப் போனது. ஏலக்காய்ச் சீமையில் மட்டும்தான் டிரையருக்கு இப்படி ஒரு வியாதி வரும். காயைப் பொறுக்கி எடுத்து ஒரு கிண்ணத்தில் கொடுத்தேன். கொஞ்சமும் அசராமல் வாங்கிக்கொண்டார்.

“எடையும் கொறஞ்சுச்சு தம்பி, துணியும் மணத்துச்சு. தையலு மட்டும் ஏமாத்திருச்சு.”

சுவரில் விழுந்த தட்டு

அத்தோடு விட்டிருந்தால் தேவலை. எனக்குத்தான் கை சும்மா இருக்காதே. ஈரத்துணி போட்டு ஓட்டிப் பார்த்தேன். அடியில் இன்னும் ஒரு ‘டொக் டொக்’. கனம் தாங்காமல் ஸ்ப்ரிங் ஒன்று முறிந்து கிடந்தது. அதற்குள் அந்தப் பக்கமிருந்து சுவரை ஓங்கித் தட்டும் சத்தம் கேட்டது. அடுத்த நிமிஷம் இடுப்பில் குழந்தையோடு மகேஸ்வரி வாசலில் நின்றாள்.

“இப்பத்தான் கண்ணசந்தான், எழுப்பி விட்டாச்சு” என்று அவள் கத்த, “வளக்கத் தெரியாதவளுக்குச் சுவத்து மேல என்ன கோவம்?” என்று இவர் கத்த, மருந்து குடித்தானா, பல் வந்ததா என்று சண்டை எங்கெங்கோ போனது. திட்டிக்கொண்டே அக்கா குழந்தையைப் பிடுங்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். பொழுது நன்றாக இருட்டிய பிறகுதான் திருப்பிக் கொடுத்தார். அவர் பிள்ளைகள் இருவரும் திருப்பூரில் வேலைக்குப் போய்விட்டவர்கள். இதெல்லாம் என் கண்முன்னால்தான் நடந்தது. நானோ, சத்தத்தை அடியோடு ஒழித்தால் இந்தச் சண்டை தீரும் என்று நம்பினேன்.

மறுநாள் ஸ்ப்ரிங் மூன்றையும் மாற்றினேன். பிரேக் ரப்பர் புதுசு, புஷ்ஷுக்கு கிரீஸ். மெஷின் ஓடியது. சுவர் அசையவில்லை. அக்கா சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

“ஓடுதா நிக்கிதான்னே தெரியலையே தம்பி.”

கோளாறு இல்லாத மெஷின்

ஒரு மாதம் கழித்து மகேஸ்வரி கூப்பிட்டாள். தன் மெஷினையும் பார்க்க வேண்டுமாம். போய்ப் பார்த்தேன். தண்ணீர் இறங்குகிறது, மோட்டார் சுற்றுகிறது, ஒரு குறையும் இல்லை. எதற்கம்மா கூப்பிட்டாய் என்றேன். குழந்தை அவள் மடியிலிருந்து நழுவி, சுவர்ப் பக்கமாகத் தவழ்ந்து போய்க் கையால் தட்டியது. அந்தப் பக்கம் பதில் இல்லை. ஜெயந்தி அக்கா வீட்டில்தான் இருந்தார், வரும்போது பார்த்தேன். என்னிடம் நலம் விசாரித்தார். இந்த வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மகேஸ்வரி குழந்தையைத் தூக்கிக்கொண்டு, சுவருக்குக் கேட்டுவிடக் கூடாதென்று குரலைத் தாழ்த்தினாள்.

“சும்மா போயி பேச எனக்கும் ரோசம், அக்காவுக்கும் ரோசம். சத்தம் இருந்தப்ப ஏசவாச்சும் போவேன், அக்கா புள்ளய வாங்கிக்கிரும். இப்ப என்ன சொல்லிண்ணே நான் அந்த வாசலுக்குப் போறது?”

அக்கா மெஷினில் ஒரு ஸ்ப்ரிங்கைக் கழற்றிவிட்டு வந்துவிடலாமா என்று தோன்றியது, ஆனால் நன்றாக ஓடும் அந்த மெஷினைப் பார்க்க அக்கா என்னை இனி எதற்குக் கூப்பிடப் போகிறார்?